கப்பலில் போன ஆங்கிலமும் கரையில் பிறந்த ஆங்கிலமும்

கேள்வி இதுதான்: பிரிட்டனிலிருந்து குடியேறப் போனவர்கள் எல்லாரும் ஆங்கிலம்தான் பேசினார்கள். அப்படியிருக்க ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அட்லாண்டிக் நடுவில் கிடக்கும் சின்னத் தீவுகள் என்று ஒவ்வோர் இடத்திலும் ஆங்கிலம் ஏன் வேறு வேறாகிவிட்டது? ஒதுங்கிய தீவுகளில் ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலம் அப்படியே உறைந்து கிடக்கிறது என்கிறார்களே, நிஜமா?

இரண்டாவது பாதிக்குக் கொஞ்சம் பொறுங்கள். முதல் பாதியிலேயே ஒரு பிசகு இருக்கிறது. "ஆங்கிலம்" என்று ஒன்று கப்பலேறிப் போகவே இல்லை. ஸ்காட்லாந்துச் சிப்பாய் ஒருவன் தன் ஊர்ப் பேச்சோடு ஏறினான். டெவன் பக்கத்துக் கொத்தனார் அவர் பேச்சோடு ஏறினார். லண்டன் சந்தில் பிடிபட்ட கைதி, அயர்லாந்து வேலைக்காரப் பெண், கார்ன்வால் மாலுமி என்று ஆளுக்கு ஒரு பேச்சு. சொந்த மண்ணில் இருந்தவரை இவர்களில் பலர் ஒருவரையொருவர் சந்தித்திருக்கவே வழியில்லை. சந்தித்திருந்தால் பாதிப் பேச்சு புரிந்திருக்காது. இவர்களையெல்லாம் ஒரே கரையில் இறக்கிவிட்டு, திரும்பிப் போக வழியில்லாமல் செய்தால் என்ன நடக்கும் என்பதுதான் நம் விஷயம்.

ஒரு நாடு தன் உச்சரிப்புக்குக் காரணம் சொல்லப் புறப்பட்டால் வேடிக்கையான கதைகள் முளைக்கும். ஆஸ்திரேலியாவில் ஈத்தொல்லை, அதனால் வாயைச் சரியாகத் திறக்காமலே பேசிப் பழகிவிட்டார்கள் என்று ஒரு கதை. ஆதிக் குடியேறிகள் எந்நேரமும் குடிபோதையில் இருந்ததால் நாக்குக் குழறலே வழக்காகிவிட்டது என்று இன்னொன்று. இரண்டிலும் சரக்கு இல்லை. ஈ மொய்க்கும் நாடுகள் உலகத்தில் நிறைய இருக்கின்றன. எல்லாரும் சிட்னிக்காரர் மாதிரியா பேசுகிறார்கள்?

சரி, நிஜமாக நடந்ததைக் காதால் கேட்க வாய்ப்பு உண்டா? பெரும்பாலும் இல்லை. 1788இல் முதல் கைதிக் கப்பல்கள் சிட்னியில் கரை சேர்ந்தபோது ஒலிப்பதிவுக் கருவி கிடையாது. அங்கே பிறந்த பிள்ளைகள் எப்படிப் பேசினார்கள் என்பதற்கு எழுதிவைத்த குறிப்புகள்தான் மிச்சம். பீட்டர் கன்னிங்ஹாம் என்ற கடற்படை மருத்துவர் 1827இல் எழுதிய நூலில் அந்தப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறார். அப்போதே அவர்களுக்குப் பட்டப்பெயர் வைத்தாகிவிட்டது: பிரிட்டனில் பிறந்து வந்தவர்கள் "ஸ்டெர்லிங்", காலனியில் பிறந்தவர்கள் "கரன்சி". ஒன்று அசல் நாணயம், மற்றது உள்ளூரில் மட்டும் செல்லுபடியாகும் காசு என்ற கிண்டல். பேச்சிலும் அவர்கள் தனி ரகமாகத் தெரியத் தொடங்கிவிட்டார்கள். லண்டன் சாயல் தூக்கலாக இருந்ததாக அவர் குறித்திருக்கிறார். கப்பல்கள் வந்து நாற்பது வருடம்கூட ஆகவில்லை.

நியூசிலாந்து விஷயத்தில் அதிர்ஷ்டம் அடித்தது. 1946 முதல் 1948 வரை அந்நாட்டு வானொலிக்காரர்கள் ஒலிப்பதிவுச் சாதனங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு சிற்றூர் சிற்றூராகப் போனார்கள். பழைய காலத்தைப் பற்றி முதியவர்களைப் பேசவிட்டு இசைத்தட்டில் பதிந்தார்கள். அவர்கள் தேடியது கதை: தங்க வேட்டை, காடு வெட்டியது, முதல் பள்ளிக்கூடம். மொழி ஆராய்ச்சி அவர்கள் நினைப்பிலேயே இல்லை. ஆனால் பேசியவர்களில் பலர் 1850களிலும் 60களிலும் நியூசிலாந்திலேயே பிறந்தவர்கள், அதாவது குடியேறிகளின் முதல் தலைமுறைப் பிள்ளைகள். ஒரு பேச்சு வழக்கு பிறந்த சமயத்தில் வாழ்ந்தவர்களின் குரல் இப்படித் தற்செயலாகச் சிக்கியது வேறெங்கும் இல்லை என்றே சொல்லலாம். 1989 வாக்கில் கேண்டர்பரி பல்கலைக்கழகத்தில் எலிசபெத் கோர்டனும் அவருடைய சகாக்களும் அந்தத் தட்டுகளைத் தூசு தட்டி எடுத்து ஆராயத் தொடங்கினார்கள். பின்னர் அதில் சேர்ந்துகொண்ட மொழியியலாளர் பீட்டர் டிரட்கில், 2004இல் வெளியிட்ட நூலில் ஒரு துணிச்சலான கோட்பாட்டை முன்வைத்தார். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்தப் பதிவுகளில் என்ன கேட்கிறது என்று பாருங்கள். ஆரோடவுன் என்ற ஊர். 1862இல் தங்கம் கிடைத்த சேதி பரவி நாலா பக்கத்திலிருந்தும் ஆட்கள் குவிந்த இடம். அங்கே ஒன்றாக வளர்ந்து, ஒரே பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் கிழவர்களாகிப் பேசுகிறார்கள். ஒருவர் பேச்சு போல மற்றவர் பேச்சு இல்லை. இதைவிட விசித்திரம், ஒரே ஆளின் வாயிலேயே சேராத சரக்குகள் சேர்ந்து கிடப்பது. ஸ்காட்லாந்துக்கே உரிய ஓர் ஒலியும் தென் இங்கிலாந்துக்கே உரிய ஓர் ஒலியும் ஒரே வாக்கியத்தில் வரும். அப்படிப் பேசுகிறவர் பிரிட்டனில் எந்த ஊரிலும் இருந்ததில்லை. நாலு வீட்டுக் குழம்பை ஒரே இலையில் ஊற்றிக்கொண்டு, இதில் ஒரு வாய் அதில் ஒரு வாய் என்று சாப்பிட்ட மாதிரிதான்.

ஏன் அப்படி? சாதாரணமாக ஒரு குழந்தை நான்கு வயதுவரை அம்மா மாதிரிப் பேசும். அப்புறம் தெருப் பிள்ளைகளோடு சேர்ந்து தெரு மாதிரிப் பேச ஆரம்பித்துவிடும். பெற்றவர்கள் எந்த ஊர்க்காரர்களாக இருந்தாலும் பத்து வயதுக்குள் பிள்ளை உள்ளூர்ப் பேச்சுக்கு மாறிவிடும். ஆனால் புதுக் காலனியில் உள்ளூர்ப் பேச்சு என்று ஒன்று இன்னும் உருவாகவே இல்லையே! அந்தப் பிள்ளை எதற்கு மாறும்? கண்டபடி பொறுக்கிக்கொள்ளும். அந்த முதல் தலைமுறைக்குத்தான் இந்தச் சுதந்திரம், அல்லது குழப்பம். அவர்களுடைய பிள்ளைகள் காலத்தில் எல்லாம் ஒரு வழியாக அடங்கி, ஊர் முழுக்க ஒரே மாதிரியாகிவிடுகிறது. நியூசிலாந்தில் 1900ஐ ஒட்டிப் பள்ளி ஆய்வாளர்கள் "பிள்ளைகள் பேச்சில் காலனி இழுப்பு தொற்றிவிட்டது" என்று புலம்பத் தொடங்குகிறார்கள். அவர்களுக்கு அது நோய். நமக்கு அது பிறப்புச் சான்றிதழ். 1840இல் பிரிட்டனுக்கும் மாவோரித் தலைவர்களுக்கும் இடையே வைட்டாங்கி உடன்படிக்கை, அதற்குப் பிறகு பெருங்குடியேற்றம், அறுபது வருடத்தில் புது வழக்கு.

பொறுக்கியதில் எது நிலைத்தது, எது போனது? டிரட்கிலின் பதில் ஏறக்குறைய வாக்கெடுப்பு. வந்தவர்களில் பாதிக்குப் பாதி இங்கிலாந்துக்காரர்கள், ஸ்காட்லாந்து ஐந்தில் ஒரு பங்கு, அயர்லாந்து ஐந்தில் ஒரு பங்கு. அப்படியானால் எல்லாவற்றிலும் இங்கிலாந்து வழக்கே ஜெயித்திருக்க வேண்டும் என்று தோன்றும். அங்கேதான் சூட்சுமம். வாக்கு ஊருக்கு விழுவதில்லை. ஒவ்வோர் ஒலிக்கும் தனித்தனியாக விழுகிறது.

"ஹவுஸ்", "ஹேண்ட்" போன்ற சொற்களின் முதலில் வரும் ஹகர ஒலியை எடுத்துக்கொள்வோம். அக்காலத்தில் இங்கிலாந்தின் பெரும்பகுதியில் சாமானியர்கள் அதை விழுங்கிவிட்டு "அவுஸ்", "ஆண்ட்" என்றுதான் சொன்னார்கள். ஆனால் ஸ்காட்லாந்தில் அதை விழுங்குவதில்லை, அயர்லாந்திலும் இல்லை. இங்கிலாந்திலேயே கிழக்கு ஆங்கிலியாவிலும் வட எல்லைப் பக்கமும் விழுங்குவதில்லை. கூட்டிப் பார்த்தால் ஹகரக் கட்சிக்குத்தான் பெரும்பான்மை. அதனால் இன்றைய நியூசிலாந்துக்காரர் ஹகரத்தை ஒழுங்காகச் சொல்கிறார். லண்டனில் அது இன்னமும் தடுமாறுகிறது. யாரும் கூட்டம் போட்டு முடிவெடுக்கவில்லை. எட்டு வயதுப் பிள்ளை காதில் எது அதிகம் விழுந்ததோ அது ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

எண்ணிக்கை மட்டுமே எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. "ராபிட்" என்ற சொல்லின் இரண்டாம் அசையைப் பாருங்கள். சிலர் அதில் தெளிவான இகரம் வைத்தார்கள். அயர்லாந்திலும் இங்கிலாந்தின் சில பகுதிகளிலும் நம் குற்றியலுகரம் போல அமுங்கிப்போன ஓர் ஒலி வைத்தார்கள். அமுங்கிய ஒலிக்காரர்கள் சிறுபான்மைதான். ஆனாலும் நியூசிலாந்தில் ஜெயித்தது அதுதான், ஏனென்றால் அது சொல்ல எளிது, வேறுபாடு பார்க்கத் தேவையில்லாதது. கலப்பு நடக்கும் இடங்களில் எளிமைக்கு எப்போதும் கொஞ்சம் கூடுதல் வாக்கு உண்டு. "கார்", "ஃபார்ம்" போன்ற சொற்களில் வரும் ரகர மெய் இன்னும் சிக்கலானது. பழைய பதிவுகளில் பெரும்பாலோரிடம் அது ஓரளவாவது கேட்கிறது. ஆனாலும் பின்வந்த தலைமுறை அதைக் கைவிட்டது. அதே காலத்தில் இங்கிலாந்திலும் அந்த ரகரம் தேய்ந்துகொண்டுதான் இருந்தது. கப்பலில் வந்தவர்கள் அந்தத் தேய்மானத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள் என்று சொல்லலாம். ஸ்காட்லாந்துக்காரர்கள் அடர்ந்து குடியேறிய தெற்குக் கோடியில், இன்வர்கார்கில் நகரைச் சுற்றிய சவுத்லாந்து பகுதியில் மட்டும், ரகரம் இன்றைக்கும் உருளுகிறது.

டிரட்கில் இதோடு நிற்கவில்லை. முதல் இரண்டு தலைமுறையில் அடையாளம், கௌரவம், "நாங்கள் தனி இனம்" என்ற உணர்வு எதற்கும் பங்கே இல்லை, எல்லாம் வெறும் கணக்கு என்றார். இதற்கு எதிர்ப்பு பலமாகவே வந்தது. என் அபிப்பிராயம்: பிள்ளைகள் பொறுக்கும் கட்டத்தில் அவர் சொல்வது பெருமளவு சரி. ஐந்து வயதுப் பிள்ளைக்கு தேசிய உணர்வு ஏது? ஆனால் வழக்கு ஒன்று உருவாகிவிட்ட பிறகு கதை மாறும். அதற்குச் சாட்சி மாசசூசெட்ஸ் கரைக்கு அப்பால் உள்ள மார்த்தாஸ் வினியார்ட் தீவு. 1961இல் மொழியியலாளர் வில்லியம் லபோவ் அங்கே போய்ப் பார்த்தார். கோடையில் வந்து குவியும் பணக்கார விருந்தினரைப் பிடிக்காத, தீவிலேயே காலம் தள்ள முடிவெடுத்த மீனவர்கள், "ரைட்", "ஹவுஸ்" ஆகியவற்றின் உயிரொலியைப் பழைய தீவுப் பாணியில் அழுத்திச் சொன்னார்கள். வெளியூருக்குக் கிளம்ப நினைத்த இளைஞர்களிடம் அது குறைவு. அதாவது ஒருவர் ஊரில் தங்கப்போகிறாரா, கிளம்பப்போகிறாரா என்பது அவருடைய உயிரெழுத்திலேயே தெரிந்தது.

கலக்கும்போது எப்போதும் ஒன்று ஜெயித்து மற்றது சாகும் என்பதும் இல்லை. சில சமயம் இரண்டும் பாகம் பிரித்துக்கொள்ளும். இதற்கு ஆகச் சிறந்த உதாரணம் காலனியில் இல்லை, இங்கிலாந்திலேயே இருக்கிறது. கிழக்கே ஃபென்ஸ் என்ற சதுப்பு நிலம் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் வெர்முய்டன் என்ற டச்சுப் பொறியாளர் தலைமையில் நீரை வடியவிட்டு நிலமாக்கத் தொடங்கினார்கள். அப்புறம் கிழக்கேயிருந்தும் மேற்கேயிருந்தும் ஆட்கள் வந்து குடியேறினார்கள். கிழக்கத்தியார் "நைட்" (இரவு) என்பதிலும் "டைடு" (கடல் ஏற்றவற்றம்) என்பதிலும், ஐகாரத்தை வாயைப் பாதி திறந்து "அய்"க்கும் "எய்"க்கும் நடுவில் சொல்வார்கள். மேற்கத்தியார் இரண்டையும் நன்றாக வாய்திறந்து சொல்வார்கள். பிள்ளைகள் என்ன செய்தார்கள் தெரியுமா? பின்னால் ட், ப், ஸ் போன்ற ஒலிப்பில்லாத (தொண்டை அதிராத) மெய் வந்தால் கிழக்கத்திய உச்சரிப்பு. மற்ற இடங்களில் மேற்கத்திய உச்சரிப்பு. இரண்டு ஊர்ச் சொத்தும் வீணாகவில்லை, புது விதியும் கிடைத்தது. டேவிட் பிரிட்டன் என்ற மொழியியலாளர் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். கனடாக்காரர்களின் "அபவுட்" என்ற சொல்லை அமெரிக்கர்கள் கேலி செய்வார்களே, அதுவும் இதே குடும்பத்து விதிதான். ஸ்காட்லாந்தும் தென் இங்கிலாந்தும் கலந்த இடங்களில் இது தனித்தனியாக முளைத்திருப்பதைப் பார்த்தால், ஒன்றிடமிருந்து ஒன்று காப்பியடித்ததாகத் தெரியவில்லை.

நான் சொல்ல வந்தது இதுதான்: புது வழக்கை உண்டாக்குவது தனிமை இல்லை, கலப்பு. தனிமை, கதவைச் சாத்தி வெளிக்காற்று வராமல் பார்த்துக்கொள்ளும். உள்ளே சமைப்பது பிள்ளைகள். கலப்பே நடக்காத இடத்தில் தனிமை மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவின் கிழக்குக் கோடித் தீவான நியூஃபவுண்ட்லாந்து இருக்கிறது. அங்கே வந்தவர்கள் பெரும்பாலும் இரண்டே இடத்தார்: தென்மேற்கு இங்கிலாந்தும், வாட்டர்ஃபோர்டைச் சுற்றிய தென்கிழக்கு அயர்லாந்தும். ஒவ்வொரு கடலோரக் குடாவிலும் ஒரு கூட்டம், நடுவே பாதையில்லாத கரை. ஆகவே ஒரு குடாவில் அயர்லாந்து மணம், அடுத்த குடாவில் டெவன் மணம் என்று நெடுங்காலம் தனித்தனியாகவே நீடித்தது. "இப்போதுதான் தொலைத்தேன்" என்பதை "ஐம் ஆஃப்டர் லூசிங் இட்" என்று சொல்லும் ஐரிஷ் அச்சு அங்கே இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆஸ்திரேலியா இதற்கு நேர்மாறு. கைதிகள், சிப்பாய்கள், தங்கம் தேடிகள் எல்லாரும் துறைமுகத்திலிருந்து துறைமுகத்துக்குக் கப்பலில் அலைந்துகொண்டே இருந்ததால், சிட்னிக்கும் பெர்த்துக்கும் நடுவே ஒரு கண்டமே கிடந்தாலும் பேச்சில் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம்.

இப்போது டிரிஸ்டன் டா குன்யா. கேப் டவுனிலிருந்து ஏறக்குறைய 2,800 கி.மீ. தள்ளி, தென் அட்லாண்டிக்கில் ஒரு எரிமலைத் தீவு. ஆதிக்குடி யாரும் கிடையாது. நெப்போலியனை செயின்ட் ஹெலினாவில் சிறை வைத்திருந்தபோது, இந்தத் தீவைத் தளமாக்கி யாரும் அவரை மீட்டுவிடக் கூடாது என்று 1816இல் பிரிட்டன் ஒரு படைப்பிரிவை அங்கே இறக்கியது. மறு வருடமே படை கிளம்பியது. கெல்சோ ஊரைச் சேர்ந்த ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் கிளாஸ் என்ற கார்ப்பரல், கேப் காலனியைச் சேர்ந்த தன் மனைவியோடும் பிள்ளைகளோடும் தங்கிவிட்டார். பிறகு இங்கிலாந்து மாலுமிகள் சிலர் வந்து சேர்ந்தார்கள். எல்லாம் ஒண்டிக்கட்டைகள். ஒரு கப்பல் தலைவரிடம் "எங்களுக்குப் பெண் கொண்டுவாருங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். அவரும் 1827இல் செயின்ட் ஹெலினாவிலிருந்து ஐந்து பெண்களைக் கூட்டிவந்தார்.

தீவின் வரலாறு எழுதுகிறவர்கள் இதை ஒரு ருசிகரமான துணுக்காகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். மொழிக்கு இதுதான் திருப்புமுனை. செயின்ட் ஹெலினாவில் அடிமைகளும் சிப்பாய்களும் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்களும் கலந்து, ஆங்கிலம் ஏற்கெனவே பாதி கிரியோல், அதாவது பல மொழிக்காரர்கள் கலந்ததில் பிறந்த கலப்பு மொழி, ஆகியிருந்தது. பிள்ளைகள் வளர்ந்தது இந்தத் தாய்மார்களின் மடியில். டேனியல் ஷ்ரையர் தீவில் தங்கி ஆராய்ந்தபோது, பிரிட்டிஷ் ஆண்களின் வழக்குகளோடு செயின்ட் ஹெலினாவின் சாயலும் அழுத்தமாகத் தெரிந்தது. "அவர் போவது வழக்கம்" என்பதற்கு "ஹீ யூஸ்டா வென்ட்" என்று இறந்தகாலத்தை இரண்டு தடவை போடுவார்கள். வேறெங்கும் இவ்வளவு தாராளமாக இது கேட்காது. பின்னால் ஒரு டச்சுக்காரரும், 1892இல் கரை ஒதுங்கிய இரண்டு இத்தாலியர்களும் சேர்ந்தார்கள். தீவில் இன்றும் அவர்கள் குடும்பப் பெயர்கள் உண்டு. மொழியில் தடம் சொற்பம். முதலில் வந்து அடுப்பு மூட்டியவர்களுக்கு இருக்கும் செல்வாக்கு பின்னால் வருகிறவர்களுக்குக் கிடைக்காது. சாலிக்கோகோ முஃப்வேனே இதற்கு நிறுவனர் கோட்பாடு என்று பெயர் வைத்திருக்கிறார்.

பசிபிக்கில் உள்ள பிட்கேர்ன் தீவு இன்னும் தீவிரம். 1789இல் பவுன்டி என்ற பிரிட்டிஷ் கப்பலில் கலகம் செய்தவர்களில் ஒன்பது பேர், ஆறு பாலினேசிய ஆண்கள், ஏறக்குறைய ஒரு டஜன் டஹீட்டிப் பக்கத்துப் பெண்கள், மறு வருடம் ஜனவரியில் அந்தத் தீவில் இறங்கிக் கப்பலைக் கொளுத்திவிட்டார்கள். பத்தாண்டுக்குள் ஆண்கள் ஒருவரையொருவர் கொன்றும் நோயில் செத்தும் தீர்ந்து, 1808இல் ஓர் அமெரிக்கக் கப்பல் தற்செயலாக வந்தபோது ஜான் ஆடம்ஸ் என்ற ஒரே ஆண்தான் மிச்சம். அவருக்கு முன் கடைசியாக 1800இல் இறந்தவர் எட்வர்டு யங். கரீபியத் தீவான செயின்ட் கிட்ஸில் பிறந்தவர். பிட்கேர்ன் பேச்சில் கரீபிய வாடை எப்படி வந்தது என்ற கேள்விக்கு ஆராய்ச்சியாளர்கள் அவரைத்தான் கைகாட்டுகிறார்கள். யார் எப்போது செத்தார் என்பதுகூட ஒரு மொழியின் இலக்கணத்தைத் தீர்மானித்திருக்கிறது! 1856இல் மக்கள் ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே உள்ள நார்ஃபோக் தீவுக்குப் பெயர்ந்தார்கள். அங்கே "வாட்டவே யோர்லாய்" என்றால் "எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்". அந்த மொழி 2004இல் ஆங்கிலத்தோடு சேர்த்து அரசு மொழியாக்கப்பட்டது.

ஜப்பானுக்குத் தெற்கே போனின் தீவுகளையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். 1830இல் நத்தானியேல் சேவரி என்ற மாசசூசெட்ஸ்காரர், ஹவாயிலிருந்து சிலரை அழைத்துக்கொண்டு அங்கே குடியேறினார். 1870களில் தீவுகள் ஜப்பான் வசமாயின. பிள்ளைகள் ஆங்கிலத்தையும் ஜப்பானியத்தையும் பின்னி ஒரு பேச்சை உண்டாக்கிவிட்டார்கள். "நாங்கள்" என்பதற்கு ஆங்கில "மீ"யோடு ஜப்பானியப் பன்மை விகுதியைச் சேர்த்து "மீரா" என்பார்கள். முதல் தடவை படித்தபோது யாரோ பெண்ணின் பெயர் என்றே நினைத்தேன்.

தனிமை என்றால் கடல்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை சுமார் ஒன்றரை லட்சம் இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். மதராஸ் துறைமுகத்தில் ஏறியவர்களே அதிகம். தமிழும் தெலுங்கும், வடக்கத்தியாரின் போஜ்புரியும். ஆங்கிலம் அவர்களுக்குப் பள்ளியிலும் வேலையிடத்திலும் கிடைத்தது. 1950க்குப் பிறகு நிறவெறி அரசு இந்தியர்களுக்குத் தனிக் குடியிருப்பு, தனிப் பள்ளி என்று வேலி போட்டது. ஆக அந்தப் பிள்ளைகள் ஆங்கிலத்தை ஆங்கிலேயப் பிள்ளைகளிடமிருந்து கற்கவில்லை, தங்களுக்குள்ளேயே கற்றார்கள். 1960, 70களில் வீட்டு மொழியே ஆங்கிலமாகிவிட்டபோது அது தனி ஆங்கிலமாக இருந்தது. ராஜேந்த் மேஸ்திரி இதை நுணுக்கமாக எழுதியிருக்கிறார். அதில் எனக்குப் பிடித்தது, "விச் ஒன் ஐ புட் இன் த ஜார், தட் ஒன் இஸ் குட்" என்ற வாக்கிய அச்சு. ஆங்கிலேயன் காதுக்கு இது உடைந்த ஆங்கிலம். "எதை ஜாடியில் போட்டேனோ அது நல்லது" என்று சொல்லிப் பாருங்கள். எலும்புக்கூடு எங்கேயிருந்து வந்தது என்று தெரியும். தமிழே பேசத் தெரியாத பேரப்பிள்ளை வாயிலும் இந்த எலும்புக்கூடு தங்கியது. டர்பன் இந்தியர்கள் விரும்பி ஆடும் சீட்டாட்டத்தின் பெயர் "துனி". அது நம் தண்ணிதான்.

இனி உறைந்த ஆங்கிலம். கதையில் கடுகளவு உண்மை உண்டு. "கெட்" (பெறு) என்ற வினைக்கு அமெரிக்கர்கள் சொல்லும் "காட்டன்" (gotten) என்ற இறந்தகால எச்சம் பழைய ஆங்கில வடிவம். இங்கிலாந்தில்தான் அது வழக்கொழிந்தது. வகரத்தின் இரண்டு ஆங்கில ஒலிகளைக் குழப்பி "வெரி"யை உதடு குவித்துச் சொல்லும் பழக்கம் ஒரு காலத்தில் லண்டனில் சாதாரணம். அங்கே செத்துப்போய், தூரத்துத் தீவுகள் சிலவற்றில் பிழைத்திருக்கிறது. ஆனால் ஒட்டுமொத்தமாக எந்த மொழியும் உறைவதில்லை. வட கரோலினாவின் ஓக்ரகோக் தீவைச் சுற்றுலாக்காரர்களுக்கு "எலிசபெத் காலத்து ஆங்கிலம் பேசும் தீவு" என்று விற்பார்கள். "மாமக்" என்ற சொல்லை ஆதாரமாகக் காட்டுவார்கள். ஷேக்ஸ்பியரிலும் அது இருக்கிறது. இருக்கிறதுதான், ஆனால் ஷேக்ஸ்பியரில் அதற்குக் கிழித்துப் போடுவது என்று பொருள். தீவில் தொல்லை கொடுப்பது என்று பொருள். வெளியூர்க்காரரை அத்தீவார் "டிங்பேட்டர்" என்பார்கள். அது எந்த ராணி காலத்துச் சொல் என்று பார்த்தால், மொழியியலாளர் வால்ட் வுல்ஃப்ராம் குழுவினர் கண்டபடி, 1970களின் ஒரு தொலைக்காட்சித் தொடரிலிருந்து வந்தது!

பாலமோ படகோ வந்து கதவு திறந்ததும் இந்த வழக்குகள் கரைந்துவிடும் என்றுதான் எல்லாரும் எதிர்பார்ப்போம். ஓக்ரகோக்கில் அப்படித்தான் நடக்கிறது. சுற்றுலா பெருகப் பெருக இளையவர்கள் பேச்சு வெளுக்கிறது. அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் உள்ள ஸ்மித் தீவில் நடந்தது தலைகீழ். நண்டு வருமானம் சுருங்கி, ஆட்கள் கிளம்பிப்போய், சில நூறு பேர்தான் மிச்சம். நடாலி ஷில்லிங் அளந்து பார்த்தபோது, மிஞ்சிய இளையவர்களின் பேச்சில் தீவு வாடை தாத்தாக்களைவிடத் தூக்கல். ஆள் குறையக் குறைய வழக்கு கெட்டிப்பட்டிருக்கிறது.

புதிதாக ஒன்று இன்றைக்கும் பிறக்குமா? பிறக்கிறது, அதுவும் தீவே தேவையில்லாமல். 1967இல் லண்டனுக்கு வடக்கே மில்டன் கீன்ஸ் என்ற நகரத்தைப் புதிதாக உண்டாக்கினார்கள்; பல ஊர்க்காரர்கள் வந்து குடியேறினார்கள். 1990களின் தொடக்கத்தில் பால் கெர்ஸ்வில், ஆன் வில்லியம்ஸ் இருவரும் நான்கு, எட்டு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் 48 பேரையும் அவர்களை வளர்ப்பவர்களையும் பதிந்தார்கள். நான்கு வயதுக்காரர்கள் அம்மாவின் ஊர்ப் பேச்சுக்குப் பக்கத்தில். பன்னிரண்டு வயதுக்காரர்கள் அம்மாவை விட்டு விலகி, தங்களுக்குள் ஒருவருக்கொருவர் பக்கத்தில். நியூசிலாந்தில் இசைத்தட்டு வழியாகத் தடம் பிடித்ததை இங்கே நேரிலேயே பார்த்தார்கள்.

இதற்கு எதிர்முனையில் ஒரு சோதனை. அண்டார்டிகாவில் ரொதெரா என்ற பிரிட்டிஷ் ஆய்வு நிலையம். குளிர்காலம் முழுக்கக் கப்பலும் விமானமும் வராது. அங்கே அடைபட்டிருந்தவர்களில் 11 பேரின் பேச்சைப் போகுமுன்னும், அங்கே இருக்கும்போது பல முறையும் மியூனிக் பல்கலைக்கழகத்தார் பதிந்து, 2019இல் முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலோர் இங்கிலாந்துக்காரர்கள், ஓர் அமெரிக்கர், ஒரு ஜெர்மானியர், ஓர் ஐஸ்லாந்துக்காரர். சில மாதத்தில் அவர்கள் உயிரொலிகள் ஒன்றையொன்று நோக்கி மெல்ல நகர்ந்திருந்தன. "ஃப்ளோ" போன்ற சொற்களின் ஓகாரம் மட்டும் யாரிடமும் முன்பு இல்லாத விதத்தில் வாயின் முன்பக்கம் நகரத் தொடங்கியிருந்தது. காதுக்குத் தெரியாது, கருவிக்குத்தான் தெரியும். அப்புறம் குளிர்காலம் முடிந்தது, அவரவர் ஊருக்குத் திரும்பினார்கள். அந்த நிலையத்தில் பிள்ளைகள் யாரும் இல்லை.